ஸ்மோக்கோ நேரத்துக் கலேவலா

ஆக்லாந்தின் தெற்கே இருக்கும் விரியைச் சுற்றிப் பார்க்க யாரும் வருவதில்லை. கன்டெய்னர் லாரிகள் வரும், சரக்கு ரயில் வரும். கப்பலில் இறங்கிய சாமான்களில் ஒரு பகுதி நகரத்துக்குப் பிரிந்து போகும் முன் இங்கே ஒருமுறை தரை தொட்டுவிட்டுத்தான் போகும். ஆண்கள் சிறை, பெண்கள் சிறை, எண்ணெய்க் கிடங்கு, மின்ரயில் பணிமனை எல்லாம் இங்கேதான். இவற்றுக்கு நடுவே மதுகுதூரேயா என்ற எரிமலைக் குன்று பாதி உடம்போடு நிற்கிறது. அதன் ஜோடிக் குன்றான மதுகுதூருருவுக்கு அந்தப் பாதியும் மிஞ்சவில்லை. தண்டவாளத்துக்கு அடியில் கொட்டும் சல்லிக்காக அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆக்லாந்தின் ஐம்பத்துச் சொச்சம் எரிமலைகளையும் மதாவோஹோ என்கிற ஆதிமூர்த்தியின் காலடித் தடங்கள் என்பார்கள் மாவோரிகள். அப்படிப் பார்த்தால் விரியில் ஒரு தெய்வக் காலடியை உடைத்துச் சல்லியாக்கி அதன்மேல் ரயில் விட்டிருக்கிறார்கள்.

நான் அங்கே ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்ட்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். கன்டெய்னர் திறக்க வேண்டும், பேலட் பேலட்டாக இறக்கி ரேக்கில் ஏற்ற வேண்டும், விடிவதற்குள் டிஸ்பாட்ச் பக்கம் வரிசை கட்டி நிறுத்த வேண்டும். நடுவில் ஸ்மோக்கோ. சிகரெட் பிடிக்கிறவரும் பிடிக்காதவரும் சேர்ந்து டீ குடிக்கும் இடைவேளைக்கு இந்த நாட்டில் அதுதான் பெயர். என் வடதுருவக் கல்வி முழுக்க அந்த இடைவேளைகளில் நடந்தது.

வாத்தியார், வண்டிகளைப் பழுது பார்க்க வரும் பின்லாந்துக்காரர். ஐம்பது தாண்டியவர், பேச்சு குறைவு. பின்லாந்தில் பேசாமல் இருப்பதை மரியாதைக்குறைவாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். தன் வேனின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஹைட்ராலிக் குழாய் மாற்றுவார். உள்ளே ஸ்பீக்கரில் பாட்டு ஓடும். ஒருநாள் அதிலிருந்து வந்த குரலைக் கேட்டு நான் வண்டியை அணைத்துவிட்டு இறங்கிவிட்டேன். பயத்தில் இல்லை. அந்தக் குரலை எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் திசையன்விளைப் பக்கம். சுடலைமாடன் கொடையில் நடுச்சாமம் தாண்டியதும் கோமரத்தாடிக்கு அருள் வரும். பகலில் பனையேறுகிறவர், கீச்சுக் குரல்காரர். வல்லயத்தைக் கையில் பிடித்ததும் அவர் வயிற்றுக்குள்ளிருந்து வேறொருவர் பேசுவார். கல்லை உரலில் போட்டு அரைத்த மாதிரிக் குரல். ஆச்சியின் சேலைக்குள் முகத்தை ஒளித்துக்கொள்வேன். "பயப்படாதல, நம்ம மாடன்தாம்ல பேசுது" என்பாள் ஆச்சி. வேனுக்குள் கேட்டதும் அந்த அரைப்புதான். மெட்டல் இசைப் பாடகர்கள் குரல்நாணுக்கு மேலே இருக்கும் மடிப்புகளை அதிர வைத்து அந்த ஒலியை எழுப்புகிறார்கள், பயிற்சி இல்லாதவன் செய்தால் தொண்டை கிழியும் என்று பின்லாந்துக்காரர் விளக்கினார். கோமரத்தாடிக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள் என்று எனக்கு ஒரு கேள்வி இருந்தது. கேட்கவில்லை.

அது அமார்ஃபிஸ் என்ற ஹெல்சிங்கி இசைக்குழு. 'டேல்ஸ் ஃப்ரம் தி தவுசண்ட் லேக்ஸ்' 1994-ல் வந்த தொகுப்பு. முழுக்கக் கலேவலாக் கதைகள். எலியாஸ் லொன்ரோட் என்ற வைத்தியர் கரேலியக் கிராமங்களில் நடந்து திரிந்து, பாட்டுக்காரர்கள் வாயிலிருந்து எடுத்துத் தொகுத்துத் தைத்த காவியம் கலேவலா. முதல் பதிப்பு 1835, விரிந்த பதிப்பு 1849. ஐம்பது பாடல்கள், 22,795 அடிகள். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. பின்லாந்துக்காரர் சொன்னது ஒரு கதையைத்தான். ஐனோ என்ற பெண்ணைக் கிழட்டுப் பாடகன் வைனாமொயினனுக்குக் கட்டிக்கொடுப்பதாக அவள் அண்ணன் வாக்குக் கொடுத்துவிடுகிறான். பாட்டுப் போட்டியில் தோற்று, கிழவன் பாடியே அவனைச் சேற்றில் அமிழ்த்திய பிறகு உயிருக்குப் பயந்து கொடுத்த வாக்கு. அம்மாவுக்கோ பரம சந்தோஷம். பெண் கடற்கரைக்குப் போகிறாள், நகைகளைக் கழற்றி வைக்கிறாள், தண்ணீரில் இறங்கி மூழ்கிப் போகிறாள்.

"அப்புறம் அவளுக்கு எங்கே கோயில்?" என்று கேட்டேன்.

அவருக்குக் கேள்வி புரியவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படிச் செத்த பெண் சும்மா போகமாட்டாள். கிணற்றில் விழுந்தவள், சொந்த அண்ணன்மார் கையால் செத்தவள், பிள்ளைத்தாய்ச்சியாகக் கொல்லப்பட்டவள் என்று எத்தனையோ பேருக்குப் பீடம் உண்டு. வருஷத்துக்கு ஒரு கொடை உண்டு. வில்லுப்பாட்டில் அவள் கதையை முழுசாகப் பாடித்தான் ஆக வேண்டும். பாட்டைக் குறைத்தால் கேட்டுவிடுவாள். கொன்ற வீட்டுக்காரனின் பேரப்பிள்ளைகளே முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஐனோ தாமிரபரணிக் கரையில் பிறந்திருந்தால் இந்நேரம் இசக்கியாகி, அந்த அண்ணன் வம்சத்தையே பொங்கல் வைக்க வைத்திருப்பாள். இதைச் சொன்னபோது பின்லாந்துக்காரர் ஸ்பானரைக் கீழே வைத்தார். அவர் வேலையை நிறுத்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கலேவலா தமிழில் இருக்கிறது என்று கண்டுபிடித்ததும் அந்த நாட்களில்தான். இலங்கையிலிருந்து பின்லாந்து போய்க் குடியேறிய ஆர். சிவலிங்கம், 'உதயணன்' என்ற பெயரில் எழுதியவர், காவியம் முழுவதையும் செய்யுளாகவே தமிழில் கொண்டுவந்தார். 1994-ல் அது வெளியாகியிருக்கிறது. ஹெல்சிங்கியில் முடி வளர்த்த பையன்கள் கிட்டாரோடு கலேவலாவை எடுத்த அதே வருஷம், அதே நாட்டில் ஒரு ஈழத்தமிழர் அதைத் தமிழ்ச் செய்யுளாக்கி முடித்திருக்கிறார். பிறகு உரைநடையிலும் எழுதினார். முன்னுரை எழுதியவர் அஸ்கோ பார்ப்போலா. சிந்துவெளி எழுத்துகளுக்குப் பின்னால் திராவிட மொழி இருக்கிறது என்று வாதிட்டவர். கோவையில் 2010-ல் நடந்த செம்மொழி மாநாட்டில் விருது வாங்கியவர் என்பதால் நம்மூரில் பெயராவது தெரியும். உதயணன் பெயரைத் தமிழ்நாட்டில் எத்தனை பேரிடம் சொன்னேன், ஒருவர் முகத்திலும் அடையாளம் தெரியவில்லை. இருபத்திரண்டாயிரம் அடிகளை ஒரு மனுஷன் மொழிபெயர்த்ததற்கு நாம் செய்த மரியாதை அவ்வளவுதான்.

மின்னூலைத் தரவிறக்கி ஃபோனில் வைத்துக்கொண்டேன். ஸ்மோக்கோவில் நான் தமிழில் வாசிப்பேன். அவர் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பகுதியைப் பின்னிஷில் சொல்வார். மூலத்தில் எட்டெட்டு அசைகளாக ஒரே நடை, அடிக்குள்ளே முதலெழுத்து ஒன்றி ஒன்றி வரும். மோனை! இரண்டாவது அடி முதலடியையே வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்லும். அண்ணாவி ஒரு வரியைப் பாட, பக்கப்பாட்டுக்காரர் அதை ஒரு திருகு திருகி ஏந்திக்கொள்வது போல. மூலத்தைப் பாடியவர்களும் இரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து, கையைக் கோத்துக்கொண்டு, மாற்றி மாற்றிப் பாடுவதாகத்தான் பழைய படங்கள் காட்டுகின்றன. நாங்கள் கையைக் கோக்கவில்லை. இரண்டு பேர் கையிலும் டீக் கப்பு இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது விபுனன் கட்டம். படகு கட்டுகிற வைனாமொயினனுக்கு மந்திரத்தில் மூன்று சொற்கள் குறைகின்றன. பூமிக்கடியில் கிடக்கும் பூதம் விபுனனிடம் அவை உண்டு. அவன்மேல் மரங்கள் முளைத்திருக்கின்றன. பாடகன் அவன் வாய்க்குள் விழுந்து வயிற்றுக்குப் போய், அங்கே ஓர் உலைக்களம் அமைத்துச் சம்மட்டியால் அடிக்கத் தொடங்குகிறான். வயிற்றுவலி தாங்காமல் பூதம் தனக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் பாடிவிடுகிறது. மெட்டல் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். வேறு விளக்கம் தேவைப்பட்டதில்லை.

பின்னிஷ் படிக்க ஆரம்பித்தேன். எதற்கு என்று மனைவி கேட்டாள், பதில் இல்லை. ஆனால் அது கையில் எடுத்த உடனே உறுத்தாத மொழி. குறில் நெடில் உண்டு, ஒற்று இரட்டிக்கும், வேற்றுமை உருபுகள் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டே போகும். ஆண்பால் பெண்பால் சண்டை இல்லை. எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் மிதித்தால் எட்டிவிடும் இடையன்குடியில் உட்கார்ந்துகொண்டு கால்டுவெல் இதைக் கவனித்திருக்கிறார். 1856-ல் வந்த ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளைப் பின்னிஷ், துருக்கி முதலானவை அடங்கிய 'சித்தியக்' கூட்டத்தோடு சேர்த்துப் பேசினார். அந்த உறவை இன்றைய மொழியியலார் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஏற்காவிட்டால் போகட்டும். தேரிக்காட்டுச் செம்மண் புழுதியில் இருந்துகொண்டு பனிக்காட்டு மொழியை யோசித்த அந்த மனுஷரின் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். அதே கால்டுவெல்தான் எங்கள் சாமியாட்டத்தைப் 'பேயாட்டம்' என்று எழுதினார் என்பது தனிக் கணக்கு. அதைத் தீர்க்க இது இடமில்லை.

நார்வே மொழிக்கு வழிகாட்டியது முருகன். மாங்கெரேயில் டைடல் ரோட்டுக் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை அன்னதானப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த யாழ்ப்பாணத்து அண்ணர் என் ஃபோனில் ஓடிய பாட்டைக் காதில் வாங்கிவிட்டார். "என்ன தம்பி, கோயிலுக்க இருந்துகொண்டு பேய்ப்பாட்டு?" நார்வேப் பாட்டு என்றேன். "என்ர தம்பி எண்பதுகளில அங்க போனவன். பின்மார்க்கில மீன் வெட்டினவன். அவனோட கதையுமன்." நார்வேயின் வடக்கு முனையான பின்மார்க்கின் மீன் ஆலைகளில் வேலை செய்து காலூன்றிய ஈழத்தமிழர்கள் ஏராளம். உள்ளூர் ஆட்கள் தெற்கே நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தபோது அந்த வேலைகளை இவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தத் தம்பியோடு வாட்ஸப்பில் பேசுவேன். விரியில் எனக்கு ஷிஃப்ட் முடியும் வேளை, அங்கே அவருக்குச் சாயங்காலம். அவர்தான் எனக்குத் திரௌக் பற்றிச் சொன்னவர். கடலில் செத்து, நல்லடக்கம் கிடைக்காதவனின் ஆவி. தலை இருக்கும் இடத்தில் கடற்பாசிக் கட்டு. பாதி உடைந்த படகில் பாய் விரித்து வருவான், அவனைக் கண்டவன் கரை சேருவது அரிது. "ஆலையில எனக்குப் பக்கத்து மேசையில நிண்ட கிழவர் சொன்னவர். அவற்ற தேப்பன் கண்டவராம்," என்றார். "நான் நம்பேல்லை. ஆனா இருட்டுக் காலத்தில, ரெண்டு மாசம் வெய்யில் எழும்பாத நேரத்தில, கடற்கரையால தனிய நடக்க மாட்டன்." பதினாறு வயதில் கடல் வழியே தப்பி வந்தவர் அவர். படகும் ஆவியும் அவருக்கு வெறும் கதையாக இருக்க முடியாது. அதைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கிண்டவில்லை.

நார்வே மொழியில் ஒரு சங்கடம் உண்டு. எழுத்துக்கே இரண்டு முறை, பூக்மோல் ஒன்று, நீநொர்ஸ்க் ஒன்று. பேச்சுக்கோ பொதுமுறை என்று ஒன்றுமே இல்லை. அமைச்சரும் ஆசிரியரும் அவரவர் ஊர்ப் பேச்சையே பேசலாம், யாரும் சிரிப்பதில்லை. விந்திர் என்றொரு குழு. அதன் உயிர் வால்ஃபார் என்ற இளைஞர். தன் சோக்ன் பள்ளத்தாக்கு வட்டார மொழியிலேயே, அந்த மண்ணின் சரித்திரத்தையும் கதைகளையும் பாடினார். 2004 ஜனவரியில் அதே மலைப்பக்கம் பனிப்புயலில் சிக்கி இறந்தார். அவர் பாட்டு ஆஸ்லோக்காரனுக்கே அரைகுறையாகத்தான் புரியும். பரோயே தீவுகளின் தீர் குழு இன்னும் ஒரு படி மேல். மிகச் சிலரே பேசும் மொழியில், ஊரில் கை கோத்து வட்டமாகக் காலை உதைத்து ஆடிக்கொண்டே பாடும் நெடும்பாட்டை அப்படியே மெட்டலாக்கினார்கள். உலகம் கேட்டது.

எனக்கு இதில் ஒரு பொறாமை உண்டு. நெல்லைத் தமிழை நம் திரைப்படம் கத்தி எடுக்கவும் காமெடி பண்ணவும்தான் அதிகம் கூப்பிட்டிருக்கிறது. சென்னைக்கு வேலைக்குப் போன முதல் மாதமே என் 'ல'வை உரித்துவிட்டுப் போனேன். ஆக்லாந்து வந்த பிறகு தமிழையே ஒரு சுற்று மெலியவைத்தேன், எதிராளிக்குப் புரிய வேண்டுமே என்று. இந்தப் பாட்டுக்காரர்களோ யாருக்கும் புரியட்டும் என்று காத்திருக்கவில்லை. புரியாதவன் தேடி வரட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள். விரியிலிருந்து நான் போனேனே.

இருண்ட பக்கம் இல்லாமல் இந்த இசையைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. 1992 ஜூன் 6 அன்று பேர்கன் நகருக்கு அருகே ஃபந்தொஃப்ட் மரத்தேவாலயம் எரிந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தேவாலயம், ஆணிவேர் வரை மரம். அடுத்த சில வருஷங்களில் இன்னும் பல தேவாலயங்கள் எரிந்தன. கிறித்தவம் அழித்த பழைய தெய்வங்களுக்குப் பழி வாங்குவதாகச் சில பிளாக் மெட்டல் பையன்கள் சொல்லிக்கொண்டார்கள். கொலைகளும் நடந்தன. குலதெய்வத்தின் கோபம் எனக்குத் தெரியும். ஆனால் பக்கத்துத் தெரு மாதா கோயிலை எரித்துத்தான் எங்கள் மாடன் பசியாறுவான் என்று ஒருவன் சொன்னால், அவனுக்கு மாடனைத் தெரியாது என்றுதான் பொருள். எங்கள் கொடைக்கு முதல் வரி கொடுப்பவர்களில் ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போகிற குடும்பங்களும் உண்டு.

2019 மார்ச் 15 இந்தக் கதையை நியூசிலாந்துக்கே கொண்டுவந்தது. கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன், எழுதி வைத்த அறிக்கையில் வைக்கிங் வீரசொர்க்கமான வல்ஹல்லாவை இழுத்திருந்தான். அவன் பெயரை உச்சரிக்கமாட்டேன் என்று பிரதமர் ஜசிந்தா ஆர்டர்ன் நாடாளுமன்றத்தில் சொன்னார். எனக்கும் அது போதும். அடுத்த வாரம் கிடங்கு வாசலில் காவலுக்கு இருந்த ஃபிஜிக்காரர், வெள்ளிதோறும் தொழுகைக்குப் போகிறவர், என் டிஷர்ட்டில் இருந்த வைக்கிங் காலத்து ரூன் எழுத்துகளைப் பார்த்துவிட்டு, "இது என்ன எழுத்து, பாய்?" என்று மெதுவாகக் கேட்டார். சந்தேகமில்லை அந்தக் குரலில், சோர்வுதான். விளக்கினேன். தலையாட்டினார். சட்டையைக் கொஞ்ச காலம் பெட்டிக்குள் வைத்தேன். பின்லாந்துக்காரருக்கு அது பிடிக்கவில்லை. "அவனுக்கு எதற்கு விட்டுக்கொடுக்கிறாய்? எங்கள் காவியத்தில் கிழவன் முக்கால்வாசிச் சண்டையைப் பாடித்தான் ஜெயிக்கிறான்," என்றார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் கதவில் நின்று கேட்டவரின் கேள்வியிலும் நியாயம் இருந்தது, அவருக்கு நான் கலேவலா வாசித்துக் காட்டிக்கொண்டிருக்க முடியாது. சில மாதம் கழித்து மறுபடி போட்டேன். காவலாளியே, "அந்தக் கோழிக்கிறுக்கல் சட்டை எங்கே போச்சு?" என்று கேட்ட பிறகு.

நியூசிலாந்திலேயே ஒரு வைக்கிங் ஊர் இருக்கிறது என்று சொல்லி வேனில் ஏற்றிக்கொண்டு போனார் பின்லாந்துக்காரர், வழியெல்லாம் நார்வேக்காரர்களைக் கிண்டலடித்துக்கொண்டு. ஹாக்ஸ் பே பகுதியின் தெற்கே நோர்ஸ்வுட், அதற்குக் கொஞ்சம் தள்ளி டேனவர்க். 1872 செப்டம்பரில் ஹெவ்திங் என்ற கப்பலிலும் பல்லாரட் என்ற கப்பலிலும் நேப்பியரில் வந்து இறங்கிய ஸ்காண்டிநேவியர்களை, எழுபது மைல் காடு என்று பெயர் பெற்ற அடர்வனத்தில் கொண்டுபோய் விட்டது அரசாங்கம். ரோடு போடவும் காட்டை வெட்டவும் ஆள் வேண்டியிருந்தது. மரம் வெட்டத் தெரிந்த ஜனம் என்று தேடிப் பிடித்திருக்கிறார்கள். வெட்டியவர்களின் வாழ்வை 1888-ல் ஒரு காட்டுத்தீ வந்து எரித்துவிட்டும் போனது.

நோர்ஸ்வுட்டில் பார்க்க அதிகமில்லை. நூற்றாண்டுக்கு நார்வே பரிசளித்த மீன்பிடிப் படகு கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கிறது. கம்பளிக் காலுறைகள் விற்கிறார்கள், நல்ல காலுறைகள். என் யோசனையெல்லாம் அந்த முதல் தலைமுறை மேல்தான். காட்டுக்குள் ஹுல்த்ரா இருப்பாள் என்று நம்பிய ஜனம் அவர்கள். முன்னழகு அத்தனையும் காட்டி, முதுகைக் காட்டாத பெண். முதுகுப்புறம் பொந்து விழுந்த மரம், பாவாடைக்கடியில் மாட்டுவால். நம் நீலியின் ஒன்றுவிட்ட தங்கை. மாவோரிகளுக்கும் இங்கே காட்டு ஜனம் உண்டு, பதுபையாரெஹெ. வெளுத்த தோல், செம்பட்டை முடி, மூடுபனியில் புல்லாங்குழல் ஊதுவார்கள், சமைத்த சோற்றின் வாடை ஆகாது. இரண்டு கதைக்கூட்டமும் ஒரே காட்டில் எதிரெதிரே நின்றிருக்க வேண்டும். ஒருவரை ஒருவர் அறிமுகம் செய்துகொள்வதற்குள் மரங்கள் போய்விட்டன.

அந்தக் காட்டில் செடி பறித்துத் திரிந்த கிழவர் ஒருவர் உண்டு, வில்லியம் கொலென்சோ. ஒரு காலத்தில் மிஷனரி அச்சுக்காரர், மாவோரி புதிய ஏற்பாட்டை 1837-ல் அச்சிட்டவர். வயதான காலத்தில் நோர்ஸ்வுட்டுக்கும் டேனவர்க்குக்கும் இடையிலான வனத்தில் அலைந்து பாசி, பெரணி என்று சேகரித்து எழுதினார். அவரைத் தமிழர்களுக்கு வேறு காரணத்தால் தெரிந்திருக்க வேண்டும். 1836 வாக்கில், வடக்கே ஃபங்காரேய் பக்கம் என்று சொல்கிறார்கள், ஒரு மாவோரிக் குடியிருப்பில் பெண்கள் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்த வெண்கலப் பாத்திரத்தைப் பார்த்தார். அது உடைந்த கப்பல் மணி. விளிம்பைச் சுற்றித் தமிழ் எழுத்து: முகையதீன் வக்குசுவின் கப்பல் மணி. இப்போது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எப்படி வந்தது என்பதைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லி, சோழர் நியூசிலாந்தைக் கண்டுபிடித்தார்கள் என்பது வரைக்கும் நம்மவர்கள் போய்விட்டார்கள். முகையதீன் என்ற முஸ்லிம் வணிகரின் பெயரை வைத்துக்கொண்டு சோழக் கப்பலை எப்படி ஓட்டுகிறார்கள் என்று தெரியவில்லை. எனக்கு அந்த உருளைக்கிழங்கு பிடித்திருக்கிறது. கைக்கு வந்ததை வைத்து அடுப்பேற்றிய பெண்கள்.

ஃபங்காரேய்க்குத் தெற்கே வைப்பு என்ற சிற்றூர். ஏலியன் வெப்பனரி அந்த ஊர்க் குழு. அதை எனக்குக் காட்டியவர் என் ஷிஃப்ட்டில் இருந்த மாவோரி நண்பர். நானும் பின்லாந்துக்காரரும் வடதுருவத்துப் பேய்களைப் பற்றிப் பேசுவதை வெகுநாள் கேட்டுக்கொண்டே சாண்ட்விச் தின்றவர். ஒரு ராத்திரி, "ப்ரோ, கீழே குனிஞ்சு உன் காலடியப் பாரு," என்று சொல்லி ஃபோனை நீட்டினார். டி யோங் சகோதரர்கள் ஹென்றியும் லூயிஸும் 2010-ல் அதை ஆரம்பித்தபோது அண்ணனுக்குப் பத்து வயது, தம்பிக்கு எட்டு. மாவோரி மொழியில் த்ராஷ் மெட்டல். 2018-ல் முதல் தொகுப்பு 'தூ'. அந்த வருஷமே ஜெர்மனியின் வாக்கன் விழா மேடையில் நின்றார்கள். அப்பா வழியில் டச்சு ரத்தமும் உண்டு, பாடுவது மாவோரி முன்னோர் விழுந்த போர்களை. 1864-ல் கேட் பா சண்டையில் மடிந்த மூதாதை ஒருவரே ஒரு பாட்டுக்குப் பொருள்.

'ரௌபத்து' என்ற பாட்டை நண்பர் வைத்தார். 1863-ஆம் ஆண்டு நிலப்பறிப்புச் சட்டத்தைப் பற்றியது. பாட்டு முடியும்வரை காத்திருந்து, வாசல் பக்கம் கையைக் காட்டினார். நான் தினமும் வேலைக்கு வரும் கிரேட் சவுத் ரோடு. வைகாட்டோ மீது படையெடுக்கப் பிரிட்டிஷ் ராணுவம் போட்ட ரோடு அது. 1863 ஜூலையில், ராணிக்கு விசுவாசம் சொல்லிப் பிரமாணம் எடு, இல்லாவிட்டால் மங்கதாவிரி ஆற்றுக்குத் தெற்கே போய்விடு என்று இந்த வட்டார மாவோரிகளுக்கு உத்தரவு வந்தது. இந்த மண்ணுக்குரிய தே ஆகிதை வையோஹுவா மக்களின் தலைவர் இஹாகா தாகானினியைக் குடும்பத்தோடு பிடித்து ரகினோ தீவில் வைத்தார்கள்; அடுத்த வருஷம் அங்கேயே இறந்தார். இதை எல்லாம் நண்பர் பாடம் நடத்துவது போலச் சொல்லவில்லை. வண்டிக்குச் சாவி போட்டபடி, நேற்று பக்கத்து வீட்டில் நடந்த சண்டையைச் சொல்வது போலச் சொன்னார்.

பின்லாந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்துதான் விரியின் கதையை நான் கேட்டிருக்கிறேன். நேர்வழியாக வந்திருந்தால் கேட்டிருப்பேனா? சந்தேகம்தான். மாவோரி மொழியைப் பலகைகளில் பார்த்துப் பழகி, அரசாங்க அலங்காரம் என்று கடந்து போகிற குடியேறிகள்தான் எங்களில் அதிகம். அதையே டபுள் கிக் டிரம்மோடு, கழுத்து நரம்பு புடைக்க ஒருவன் பாடும்போது அலங்காரம் என்று தள்ள முடியாது. பிறகு நகரத்தில் ஏலியன் வெப்பனரி கச்சேரிக்கு மூவருமாகப் போனோம். முன்னால் நின்றவர்கள் கூட்டமாக ஹாகா என்ற மாவோரி ஆட்டம் ஆடினார்கள். தரை நடுங்கியது. பின்லாந்துக்காரர் காதுக்குப் பஞ்சு கொண்டுவந்திருந்தார். நாற்பது வருஷ மெட்டல் அனுபவம் கற்றுக்கொடுத்த ஞானம் அது.

அப்புறம் நியாயமான கேள்வி வந்தது. "உன் ஊர்ச் சாமிக்கு மெட்டல் கிடையாதா?" சிங்கப்பூரில் ருத்ரா என்ற குழு 1992 முதல் இருக்கிறது, தமிழர்கள் உள்ள குழு, வேதாந்தத்தையும் சமஸ்கிருத மந்திரங்களையும் டெத் மெட்டலில் பாடுகிறார்கள் என்றேன். போட்டுக் காட்டினேன். இருவருக்கும் பிடித்தது. ஆனால் நண்பர் விடவில்லை: "இது கோயில் சாமி. நீ சொன்னது சுடுகாட்டுச் சாமியல்லவா?"

கணியான் கூத்துப் பதிவு ஒன்றைத் தேடி வைத்தேன். அண்ணாவி கதையைத் தொடங்க, பெண்வேடம் கட்டிய இரண்டு பேர் சலங்கையோடு சுழல, மகுடம் இரண்டும் முழங்க ஆரம்பித்தன, ஒன்று உச்சம், ஒன்று மந்தம். இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தோலை நெருப்பில் காட்டிச் சூடேற்றித்தான் சுருதி சேர்ப்பார்கள் என்றதும் பின்லாந்துக்காரர், அரங்கத்தில் தீயணைப்புத்துறை அனுமதி வாங்குவது கஷ்டம் என்று யோசனையில் ஆழ்ந்தார். நண்பர் வேறு திசையில் போனார்.

"இவரு இப்ப யாரைக் கூப்பிடுறாரு?"

"மாடனை."

"வருவாரா?"

"வருவார். நடுராத்திரிக்கு மேல. படையல் வேணும். கறி, சுருட்டு, சாராயம்."

நண்பர் சாண்ட்விச் கவரைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

"சாராயம்னா கஷ்டம், ப்ரோ. இங்க ஆல்கஹால் டெஸ்ட் இருக்கு. கேட்டுலயே நிறுத்திடுவாங்க."